ஒரு காது போதாது
(மின்னணுப் பயிற்சி வகுப்பில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)



நம் ஆம்புலன்ஸில் பிள்ளைகள் பொருத்திய கருவியைப் பற்றிப் பலரும் விசாரிக்கிறீர்கள். 'வண்டி எங்கே?' என்று எஸ்எம்எஸ் அனுப்பினால் அது இருக்கும் இடத்தைப் பதிலாகத் தர வேண்டும். ஜி.பி.எஸ்., சிம் மாட்யூல் இரண்டையும் மேசையில் தனித்தனியாகச் சோதித்தபோது நன்றாக வேலை செய்தன. வண்டியில் ஏற்றியதும் நாலு தடவை கேட்டால் ஒரு தடவைதான் பதில் வந்தது. ஓர் இரவு பிரசவ வலியில் துடித்த பெண்ணின் வீட்டார் வாசலில் நிற்க, வண்டி எங்கே வருகிறது என்று எங்களால் சொல்ல முடியவில்லை. வண்டி வந்து சேர்ந்தது, அல்ஹம்துலில்லாஹ். ஆனாலும் அந்த அரை மணி நேரத்தை நாங்கள் மறக்கவில்லை.

தவறு பிள்ளைகளுடையது அல்ல. மலிவாக இருக்கிறதே என்று அர்டுயினோ உனோ போர்டை வாங்கிக் கொடுத்தவர்கள் நாங்கள்தான். உனோவில் உண்மையான சீரியல் போர்ட் ஒன்றே ஒன்று, 0, 1 பின்களில். கம்ப்யூட்டரின் யூஎஸ்பியும் அதே வழியைத்தான் பயன்படுத்துகிறது. ஆகவே பிள்ளைகள் சாப்ட்வேர் சீரியல் மூலம் வேறு பின்களில் இரண்டு போர்ட்டுகளை உண்டாக்கினார்கள். அப்படி எத்தனை உண்டாக்கினாலும் ஒரு நேரத்தில் ஒன்றுதான் காது கொடுக்கும். ஜி.பி.எஸ்.ஸைக் கேட்டுக்கொண்டிருக்கையில், எஸ்எம்எஸ் வந்ததென்று சிம் மாட்யூல் சொல்லும் சேதி காற்றோடு போய்விடும்.

இப்போது மெகா 2560 போர்டுக்கு மாறிவிட்டோம். இதில் நான்கு போர்ட்டுகள். ஜி.பி.எஸ்.ஸின் டிஎக்ஸ் 19ஆம் பின்னுக்கு, அதாவது சீரியல்1. சிம் மாட்யூலுக்கு 16, 17, அது சீரியல்2. யூஎஸ்பி வழி சும்மா இருப்பதால் லேப்டாப்பை இணைத்து உள்ளே நடப்பதைப் பார்க்கலாம். ஒன்றின் டிஎக்ஸ் மற்றதன் ஆர்எக்ஸுக்குப் போக வேண்டும். கிரவுண்டு எல்லாவற்றுக்கும் பொது. போர்டின் 5 வோல்ட்டை சிம் மாட்யூலின் ஆர்எக்ஸில் நேரே கொடுக்காதீர்கள். இரண்டு ரெசிஸ்டர் போட்டுக் குறையுங்கள். அதற்குத் தனி பவர் சப்ளையும் வேண்டும், சில கணங்களில் 2 ஆம்பியர் வரை இழுக்கும். ஒன்று கருகிய வாசனை இந்த அறையில் எல்லோருக்கும் நினைவிருக்கும்!

போர்டை மாற்றியதும் எல்லாம் சரியாகிவிடவும் இல்லை. வரும் எழுத்துகளைச் சேர்த்து வைக்க ஒவ்வொரு போர்ட்டுக்கும் 64 பைட் இடம்தான். 9600 வேகத்தில் அது நிரம்ப, ஒரு வினாடியில் பதினைந்தில் ஒரு பங்கு போதும். நிரலில் 'டிலே' 1000 என்று எழுதி ஒரு வினாடி தூங்கவிட்டால் ஜி.பி.எஸ். தரும் வரி பாதியில் அறுந்துவிடும். டிலேயை எடுத்துவிட்டு, 'மில்லிஸ்' கொண்டு நேரம் பார்த்து, ஒவ்வொரு சுற்றிலும் எல்லா போர்ட்டையும் எட்டிப் பார்க்கும்படி மாற்றி எழுதிய பிறகுதான் பதில் ஒழுங்காக வருகிறது.

பழைய உனோ போர்டுகள் அலமாரியில் இருக்கின்றன. தண்ணீர்த் தொட்டி நிரம்பியதும் மணியடிப்பது போன்ற வேலைக்கு அவை தாராளம். வேண்டிய பிள்ளைகள் அஸருக்குப் பிறகு அலுவலகத்தில் கையெழுத்திட்டு வாங்கிக்கொள்ளலாம்.