குப்பித்தாளில் ஒரு தாய்மொழி



கள்ளுண்ணாமையைப் பத்துக் குறள்களால் வலியுறுத்திய வள்ளுவர் வழிவந்தோர் அவையில், கொடிமுந்திரித் தேறலைப் பற்றிய பேச்சு எதற்கு என்னும் வினா எழலாம். தேறலைப் பருகுதற்கன்று, அதன் குப்பியில் ஒட்டிய பெயர்த்தாளைப் படித்தற்கே. அத் தாளில் ஓரினத்தின் மொழிமானம் எழுதப்பட்டுள்ளது.

பிரான்சு நாட்டின் வடகிழக்கே சாம்பேன் என்றொரு நிலப்பகுதி உண்டு. அங்கு உருவாகும் நுரைத்தேறலுக்கு அந்நிலத்தின் பெயரே பெயர். அதன் பெயர்த்தாளில் உள்ள சொற்களை நம்மவருள் சிலர் மறைமொழிபோல் வியந்து ஒலிக்கின்றனர். அவையோ அந்நாட்டார் நாளும் வழங்கும் எளிய தாய்மொழிச் சொற்கள்!

‘புரூத்து’ என்றால் பண்படுத்தாதது. இலிட்டருக்கு 12 கிராமுக்கும் குறைந்த சருக்கரையுடையது. ‘தூ’ என்றால் இனியது. 50 கிராமுக்கு மேற்பட்ட சருக்கரையுடையது. ‘செக்’ என்றால் உலர்ந்தது. ஆயினும் அதில் 17 முதல் 32 கிராம் வரை சருக்கரை உண்டு. முன்னாளில் அத்தேறல் மிக்க இனிப்பாயிருந்தமையின், அதனோடு ஒப்பிட்டு எழுந்த பெயர் அது. ‘பிளான் தெ பிளான்’ என்பது வெள்ளையின் வெள்ளை; வெண்ணிறப் பழங்களால் மட்டுமே ஆனது. ‘குரு’ என்பது வடமொழிக் குருவன்று. விளைச்சல் என்னும் பொருளில் விளைநிலத்தைக் குறிக்கும் சொல்.

இச்சொற்களுள் தலையாய ‘சாம்பேன்’ என்னும் பெயரை அம்மக்கள் காத்த வகையைக் கேளுங்கள். வேற்றுநிலப் பழங்களைக் கொணர்ந்து அப்பெயரால் விற்ற வணிகரை எதிர்த்து 1911-இல் உழவர் கிளர்ந்தெழுந்தனர். அடக்கப் படை வந்தது. 1935-இல் நிலப்பெயர் காக்கும் சட்டம் பிறந்தது. இசுபானியத் தேறலுக்கு அப்பெயரிடல் தவறென 1960-இல் இலண்டன் முறைமன்றம் தீர்த்தது. நறுமணநீர் ஒன்றுக்கு அப்பெயர் சூட்டியதை 1993-இல் பாரிசு முறைமன்றம் தடுத்தது. விற்பொருள்களின் பெயர்த்தாளில் பிரெஞ்சுமொழி இருந்தே ஆகவேண்டும் என்று 1994-ஆம் ஆண்டுச் சட்டம் கட்டளையிட்டது.

அவர்கள் தம் சொல்லைக் காத்தனர். தமிழர்க்கு இது புதிதா? யவனர் கலங்களில் கொணர்ந்த மதுவைப் புறநானூற்றின் 56-ஆம் பாட்டு குறிப்பிடுகிறது. பொருள் யவனருடையது, பெயரோ ‘தேறல்’ என்னும் தூய தமிழ். பொருளை வாங்கிய முன்னோர் சொல்லைக் கடன் வாங்கவில்லை!

சாம்பேன் என்னும் ஊர்ப்பெயர் அந்நிலத்தார்க்கே உரியதாகுக. ஆனால், தமிழ்மண்ணில் விளைந்து, தமிழர் கையால் ஆகி, தமிழர்க்கே விற்கப்படும் உப்புக்கும் எண்ணெய்க்கும் அயற்பெயர் எதற்கு? கடையில் பொருளை எடுக்குமுன் அதன் பெயர்த்தாளைத் திருப்பிப் பாருங்கள். அங்கே தமிழ் இல்லையேல், ஏன் இல்லையென்று கேளுங்கள். கேட்பார் பெருகினால் எழுதுவாரும் பெருகுவர். சொல்லைக் காப்பது சட்டம். அச்சட்டத்தைப் பிறப்பிப்பது மக்களின் மானம்!

வெல்க தமிழ்!