அட்டைப் படத்துக் காட்டு மனிதர்



பழைய கதைப் பத்திரிகைகளின் அட்டைப் படங்களைப் பற்றிப் பேச இசைந்தோம். ஆண்டு விழாவில் இதுவும் ஒரு பொருளோ என்று சிலர் எண்ணக்கூடும். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியுமுன்னரே குழந்தை காண்பது அட்டையைத்தானே!

1912ஆம் ஆண்டு அக்டோபரில் 'ஆல் ஸ்டோரி' என்னும் அமெரிக்க இதழில் டார்ஜான் கதை முதன்முதல் வெளிவந்தது. எழுதிய எட்கர் ரைஸ் பரோஸ் ஆப்பிரிக்க மண்ணை மிதித்தவரல்லர். ஆகவே ஆப்பிரிக்கக் காட்டிலே புலியை உலவ விட்டார்! அங்கே புலி ஏது என்று வாசகர் கேட்கவே, 1914இல் நூலானபோது அது பெண்சிங்கமாயிற்று. புலிக்குக் கிடைத்த திருத்தம் அந்நாட்டு மனிதருக்குக் கிடைக்கவில்லை. இத்தகைய மலிவு இதழ்களின் அட்டைகளில் வெள்ளையன் நடுவே நிமிர்ந்து நிற்பான். கரிய மேனியர் ஈட்டியேந்திக் கூச்சலிடுவர், அன்றி மண்டியிடுவர். சீனரெனில் நீண்ட நகமும் வஞ்சகப் புன்னகையும். கடையில் தொங்கும் இதழ் ஒரு நொடியில் கண்ணைப் பறிக்கவேண்டும். தீயவன் எவன் என்று காட்ட நிறமே எளிய வழியாயிற்று.

லீ ஃபாக் 1936இல் படைத்த முகமூடி வீரரின் கதையில் கடற்கொள்ளையர் 'சிங்' கூட்டத்தார். நாட்டின் பெயரோ வங்காளத்தை நினைவூட்டும். பம்பாயில் 1964இல் இந்திரஜால் காமிக்ஸ் தொடங்கியபோது சிங் 'சிங்கா'வாயிற்று, நாடு 'டெங்காலி'யாயிற்று. நம் மனம் புண்படாதிருக்கப் பெயரை மாற்றினர்; படத்தை மாற்றினாரில்லை. வெள்ளை வீரருக்குக் கரிய காட்டினர் ஏவல் செய்தே வந்தனர். கரிய மேனியராகிய நாமும் காசு கொடுத்து வாங்கி, அவ்வீரரின் பக்கமே நின்றோம்!

அந்தக் கண்ணோடுதான் நம் பிள்ளைகள் பிளிகிரிரங்கன் மலைச் சோலிகரைக் காண்கின்றனர். சந்தைக்கு வரும் முதியவரைக் 'காட்டு மனிதன்' என்று அவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். அம்முதியவர் அறிந்ததில் ஒன்று சொல்வோம். கோடையின் தொடக்கத்தில் சருகில் சிறு தீ மூட்டிப் புதரை அடக்குவது சோலிகர் வழக்கம். 'தரகு பெங்கி' என்பர். அது தடுக்கப்பட்ட பின்னரே உண்ணிச்செடி காட்டை மூடிற்று என்பது அவர்கள் கூற்று. ஆராய்ச்சியாளரும் அதைக் கருத்தோடு கேட்டனர். 2011இல் அம்மலை புலிகள் காப்பகமாயிற்று. அவ்வாண்டே, 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின்படி, அக்காட்டில் சோலிகரின் உரிமையும் ஏற்கப்பட்டது.

ஆகவே செயற்குழுவினருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த ஆண்டுச் சிறுவர் ஓவியப் போட்டிக்குக் 'காடு' என்று தலைப்பிடுக. வண்ணப் பெட்டியைத் திறக்குமுன், சோலிகப் பெரியவர் ஒருவரை இம்மேடைக்கு அழைத்து, பிள்ளைகள் கேட்பதற்கெல்லாம் அவர் வாயாலேயே விடை சொல்லச் செய்க. போக்குவரத்துச் செலவை நாம் ஏற்கிறோம்.