பட்டறைக்கு வந்து சேராத பல்கலையறிவு

அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி வாழ் தமிழுறவுகளே!

1964-இல் அம்பத்தூரில் தொழிற்பேட்டை தோன்றியது. 1965-இல் ஆவடித் தொழிலகம் தன் முதற் கவசப் போரூர்தியை ஈன்றது. அன்றுதொட்டுக் கடைசற்பொறி முன் நின்று இரும்பைக் கடையும் தமிழ்க் கைகளே இப்பகுதியை வாழ்விக்கின்றன. அக் கைகளுக்குரிய அறிவு எங்குளது? கிண்டியில் உளது, ஆங்கிலப் பூட்டினுள் உளது!

1794-இல் எட்டு மாணாக்கரோடு தொடங்கிய நில அளவைப் பள்ளியே அதன் வித்து. 1859-இல் அது கட்டுமானப் பொறியியற் கல்லூரியாயிற்று. 1894-இல் எந்திரவியலும், கிண்டிக்குப் பெயர்ந்தபின் 1930-இல் மின்னியலும் அங்குக் கால்கொண்டன. 1944-இல் வள்ளல் அழகப்பர் பெயரால் ஒரு தொழில்நுட்பக் கல்லூரி எழுந்தது. வேதிப்பொறியியல், நெசவுநுட்பம், தோல்நுட்பம் ஆகியவை ஆங்கு வளர்ந்தன. 1949-இல் சி. இராசம் தம் வீட்டை விற்றுக் குரோம்பேட்டையில் மற்றொன்று கண்டார். அப்துல் கலாம் வானூர்தியியல் பயின்றது அங்கேதான். இவற்றோடு கட்டடக்கலைப் பள்ளியும் சேர, 1978-இல் பேரறிஞர் அண்ணாவின் பெயர் தாங்கிய பல்கலைக்கழகம் பிறந்தது. நீர்வளம், தொலையுணர்வு, படிக வளர்ச்சி ஆகியவற்றுக்குத் தனி ஆய்வு நடுவங்கள் கொண்ட பெருநிலையம் அது.

பெருமைதான். ஆயினும், வித்தூன்றிய பின் 216 ஆண்டுகள் கழிந்து, 2010-இல்தான் அங்குக் கட்டுமானவியலும் எந்திரவியலும் தமிழ்வழியில் தொடங்கின. அதுவும் நிலைத்ததா? 2023-இல், உறுப்புக் கல்லூரிகளில் அவ் வகுப்புகள் நிறுத்தப்படும் என அறிவிப்பு வந்தது. எதிர்ப்பு எழுந்தபின்னரே அது திரும்பப் பெறப்பட்டது.

தமிழால் இயலாதென்போர் யாழ்ப்பாணத்தை நோக்குக! 1847-இல் அங்கு வந்த அமெரிக்க மருத்துவர் கிறீன், தமிழ் கற்று, மருத்துவ நூல்களைத் தமிழாக்கி, 1860-களிலேயே தமிழில் மருத்துவம் பயிற்றினார். அயலவர்க்கு இயன்றது, தமிழர்க்கு இயலாதா?

குறை மொழியில் இல்லை. படித்தவர்க்கு வேலையில்லை என்னும் அச்சத்தாலேயே வகுப்பறை வெறுமையாகிறது. அவ்வச்சத்தைப் போக்கும் ஆற்றல் கிண்டியைவிட இங்கே மிகுதி. தொழிலகம் நடத்தும் தமிழர், தமிழில் பயின்ற பொறியாளர்க்குக் கதவு திறக்கட்டும். கடைசல், அச்சு, மரை, வார்ப்பு எனப் பட்டறை முதியோர் நாவில் வாழும் சொற்களை இளைஞர் திரட்டி நூலாக்கட்டும். பட்டறையின் சொல் பல்கலைக்கழகம் ஏறும் நாளில், பல்கலைக்கழகத்தின் அறிவும் பட்டறைக்கு இறங்கி வரும்.

பூட்டு அங்கே, திறவுகோல் இங்கே! எடுத்துத் திறமின்!