பந்தயத் தீர்வையை நிர்ணயிப்பவர் யார்?



பிரித்தானியக் குதிரைப் பந்தயத்தைப் பற்றி இம்மேடையிலே பேசுவதேன் என்று சிலர் எண்ணக்கூடும். நாம் சூதாட்டத்துக்குப் பரிந்து பேச வரவில்லை. ஒரு தொழிலைக் கொண்டு பிறர் ஈட்டும் இலாபத்திலே அத்தொழிலுக்குரிய பங்கை எவர் நிர்ணயிப்பது என்பதே நமது வினா. கமக்காரருக்கு அவ்வினா புதிதன்று.

1961இல் அங்கே பந்தயக் கடைகள் சட்டப்படி திறக்கப்பட்டன. திடலுக்கு வராமலே பணங்கட்டுவோர் பெருகுவர் என்றுணர்ந்த பாராளுமன்றம், பந்தயத் தரகர்மீது தீர்வை விதித்து, அதனைப் பங்கிட ஒரு சபையையும் நிறுவியது. தீர்வையின் அளவையோ ஆண்டுதோறும் தரகர் குழுவே முன்மொழிந்தது. கடன்காரனே கடன்தொகையைக் கூறும் விந்தையான நீதி! இணக்கம் ஏற்படாவிடின் அமைச்சர் தீர்ப்பார். பின்னர் இணையவழித் தரகர் பலர் ஜிப்ரால்டர் முதலிய இடங்களுக்குக் குடிபெயர்ந்தனர். தீர்வைச் சட்டத்தின் கை அங்கே எட்டவில்லை.

2017இலேதான் அவ்வோட்டை அடைபட்டது. தரகர் எங்கிருப்பினும், பிரித்தானியப் பந்தயங்களில் அந்நாட்டு வாடிக்கையாளரிடம் பெறும் மொத்த இலாபத்திலே, 5 இலட்சம் பவுணுக்கு மேற்பட்டதில் நூற்றுக்குப் பத்து செலுத்தவேண்டும் என்று விதிக்கப்பட்டது.

நிர்வாகத்தை நெடுங்காலம் கனவான்களின் ஜொக்கி கழகமே நடத்தியது. 2007இல் இன்றைய அதிகாரசபை அமைந்தது. ஆயினும் ஒளிபரப்பு உரிமைப் பணம் இன்றும் திடல் முதலாளிகளிடமே சேர்கிறது. அதிலே பரிசுப்பணத்துக்கு எவ்வளவு என்பது மறுபடியும் பேரமே. அதற்கும் ஒரு விகிதத்தைச் சட்டத்திலே எழுதவேண்டும் என்பதே நமது வாதம்.