தட்டில் நடக்கும் தசை



தைப்பூசத்துக்கு முந்தைய நாட்களில் நத்தம் சாலையில் நின்றவர்களுக்கு நான் சொல்லப்போவதில் பாதி தெரிந்ததுதான். காரைக்குடிப் பக்கமிருந்து காவடியோடு கிளம்பியவர்கள் திண்டுக்கல்லைக் கடந்து பழனிக்கு நடக்கிறார்கள். வழிநெடுகப் பானகம், சுண்டல், அன்னதானம். கூட்டத்தில் சுகர்காரர்களும் உண்டு. நடக்கிற கால் இன்சுலினுக்குக் காத்திராமலே இரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டு நடப்பவருக்குச் சில நேரம் தலைசுற்றி வியர்த்துக் கொட்டுவது அதனால்தான்.

சர்க்கரையை இப்படி இழுப்பது தசையா, நரம்பா, ஏதாவது ஹார்மோனா? உடம்புக்குள் எல்லாம் ஒன்றாகக் கலந்து கிடப்பதால் பிரித்துச் சொல்ல முடியாது. தசையை மட்டும் தனியே எடுத்து வளர்த்துப் பார்க்க வேண்டும்.

அதற்கான செல்களை 1977-இல் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் டேவிட் யாஃபே, ஓரா சாக்ஸல் இருவரும் சுண்டெலியின் தொடைத்தசையிலிருந்து எடுத்தார்கள். அவற்றின் ஒரு கிளையான சி2சி12 இன்று உலகெங்கும் பரிசோதனைக்கூடங்களில் வளர்கிறது. கன்றின் சீரத்தைத் தாராளமாக ஊற்றினால் இந்தச் செல்கள் ஒன்று இரண்டாக, இரண்டு நான்காகப் பெருகிக்கொண்டே போகும், தசையாகாது. அதை நிறுத்திவிட்டுக் குதிரைச் சீரம் 2 சதவீதம் மட்டும் கொடுங்கள். ஐந்தாறு நாளில் பக்கத்துச் செல்லோடு செல் இணைந்து நீண்ட குழல்களாகிவிடும். நுண்ணோக்கியில் பார்த்தால் இடியாப்பத் தட்டு! ஊட்டம் குறைந்த பிறகே அவை தசையாகின்றன. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி இது.

தட்டில் கிடக்கும் தசையை எப்படி நடக்கவைப்பது? இரண்டு கரிமின்முனைகளைச் செல்கள் வளரும் ஊட்டத் திரவமான ஊடகத்தில் அமிழ்த்தி, விநாடிக்கு ஒன்று என்ற கணக்கில் மின்துடிப்பு கொடுப்பது வழக்கம். ஜப்பானியர் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், இந்தத் துடிப்புகள் கிடைத்த சில மணி நேரத்திலேயே குழல்களுக்குள் சுருங்கும் இழைகள் வரிசை கட்டத் தொடங்கின. சுருங்கச் சுருங்க ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறு செலவாகும், அதன் எச்சமான ஏஎம்பி ஏறும், ஏஎம்பிகே என்ற நொதி விழித்துக்கொள்ளும். பிறகு சர்க்கரை உள்ளே வரும்.

பூட்டுக்குப் பேர்போன திண்டுக்கல்லில் பேசுகிறேன். இன்சுலின் சாவி, செல் பூட்டு என்று பாடநூல்கள் அந்த உவமையைத் தேய்த்துவிட்டன. இங்கே அது சரியாகப் பொருந்தவும் இல்லை. குளூட்-4 என்ற கதவே செல்லின் உள்கிடங்கில்தான் கிடக்கிறது. அதைத் தூக்கிவந்து சுவரில் பொருத்தும்படி இன்சுலினும் சொல்லலாம், சுருங்கும் தசையும் தன் வழியில் சொல்லலாம். இன்சுலின் சொல் காதில் ஏறாத நோயாளியின் தசைகூட இரண்டாவது சொல்லைக் கேட்கும்.

இனி ஊட்டத்துக்கு வருகிறேன். என் மனக்குறையும் இதில்தான். இந்தச் செல்களை வழக்கமாக வளர்க்கும் ஊடகத்தில் லிட்டருக்கு 4.5 கிராம் குளுக்கோஸ் இருக்கிறது. லேப் ரிப்போர்ட் கணக்கில் அது 450. ஒரு மனிதனுக்கு அந்த எண் வந்தால் எந்த டாக்டரும் அவரை வெறுமனே வீட்டுக்கு அனுப்பமாட்டார். நம் சுண்டெலித்தசையோ பிறந்ததிலிருந்தே அந்தப் பாகில் ஊறிக் கிடக்கிறது! சர்க்கரை மிகுந்த இடத்தில் ஏஎம்பிகே மந்தமாகும். ஊடகத்தை 100-க்கு இறக்கினால் அது எளிதில் கிளர்ந்தெழும். லூசின் என்ற அமினோ அமிலம் சேர்ந்தால் எம்டார் என்ற இன்னொரு புரதம் எழுந்து, புரதம் கட்டும் வேலையை முடுக்கும். ஆக, துடிப்பு ஒன்றே ஆனாலும் ஊடகத்துக்கு ஊடகம் பதில் மாறக்கூடும். போதாததற்கு, சி2சி12 செல்களில் குளூட்-4 குறைவு. சர்க்கரை நுழைவை அளக்க எல்6 என்ற எலித்தசைச் செல்லையே பலர் நாடுகிறார்கள்.

தட்டில் கண்டது மனிதருக்கு ஆகுமா என்று கேட்பீர்கள். நடையைப் பொறுத்தவரை சென்னையிலேயே பதில் இருக்கிறது. டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் சர்க்கரை நோயின் வாசலில் நின்ற 531 பேரை மூன்றாண்டு பின்தொடர்ந்து 2006-இல் முடிவை வெளியிட்டார்கள். வழக்கப்படி விடப்பட்டவர்களில் 55 சதவீதம் பேருக்கு நோய் வந்தது; நடையும் உணவுக் கட்டுப்பாடும் மேற்கொண்டவர்களில் 39 சதவீதம். மாத்திரை மட்டும் எடுத்தவர்களுக்கும் ஏறக்குறைய அதே அளவுதான்.

ஆய்வுக்கூடத்தில் நுழையப்போகும் மாணவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். தசைச் செல்லுக்கு எத்தனை வோல்ட் கொடுத்தீர்கள் என்று நோட்டில் எழுதுமுன், அது எத்தனை சர்க்கரையில் கிடந்தது என்று எழுதுங்கள். முடிந்தால் அதே பரிசோதனையை 450-இல் ஒரு முறையும் 100-இல் ஒரு முறையும் செய்து, இரண்டையும் அருகருகே வெளியிடுங்கள்.