பேச்சு மொழிக்கு அரங்கு தந்த பேராசிரியர்

(நினைவுக் கூட்டமொன்றில் நிகழ்த்திய உரை)



1903 ஆம் ஆண்டு புலோலியிற் பிறந்து 1968 இல் மறைந்த பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை அவர்களை நினைவுகூர நாம் கூடியுள்ளோம். இலண்டனிலே கல்வெட்டுத் தமிழை ஆராய்ந்து கலாநிதிப் பட்டம் பெற்றவர். விபுலானந்த அடிகளாருக்குப் பின் இலங்கைப் பல்கலைக் கழகத் தமிழ்ப் பேராசிரியராய் அமர்ந்தவர். அத்தகையவர் பண்டிதத் தமிழில் நாடகம் எழுதியிருப்பின் எவரும் வியந்திரார். ஆனால், 1940 இல் வெளிவந்த அவருடைய ‘நானாடக’த்து மாந்தர் யாழ்ப்பாணத்து வீட்டிலும் வீதியிலும் வழங்கும் பேச்சையே பேசுகின்றனர்.

இதன் அருமையை வழக்கறிஞராகிய நாம் நன்கறிவோம். ஆங்கிலம் கோலோச்சிய நாளில் கமக்காரன் தன் வரம்புச் சண்டையை நீதிமன்றிலே தன் வாயாற் சொன்னான். மொழிபெயர்ப்பாளர் அதனை ஆங்கிலமாக்கினார். ஏட்டில் ஏறியது அந்த ஆங்கிலமே. மேடையிலும் அவன் நிலை பெரிதும் வேறன்று. அரசன் செந்தமிழ் பேச, நாட்டுப்புறப் பேச்சு பபூனுக்கு விடப்பட்டது. ‘உடையார் மிடுக்கு’ என்னும் தலைப்பைப் பாருங்கள். சிரிப்பு அங்கும் உண்டு. சிரிப்புக்கு இலக்காவது ஊரவன் பேச்சன்று, அதிகாரத்தின் மிடுக்கு.

அவருடைய மாணாக்கர் சு. வித்தியானந்தன் அவர்கள் ஆசிரியரின் நாடகங்களை மேடையேற்றியே நெறியாள்கையிற் கைதேர்ந்தார். 1962 இல் ‘கர்ணன் போர்’, பின்னர் ‘இராவணேசன்’ எனக் கூத்தைப் பல்கலைக் கழக அரங்குக்குக் கொணர்ந்தவர் அவரே. ஈழத்துத் தேசிய அரங்கு என்று இன்று பேசுவோர் கூத்தை மட்டும் எண்ணுகின்றனர். பேச்சுமொழி நாடகமாகிய மற்றக் கால் மறக்கப்படுகிறது. இஃது நியாயமன்று.

சிலை வைக்கவேண்டும் என்கின்றனர் சில அன்பர்கள். வைக்கட்டும். நாம் மறுப்பது வேறொன்றை: பாடசாலைப் பிள்ளைகளுக்காக அவருடைய உரையாடல்களைத் ‘திருத்தி’ எழுதலாம் என்னும் யோசனையை. திருத்திய பின் எஞ்சுவது யாருடைய நாடகம்? மட்டக்களப்பு மேடையில் யாழ்ப்பாணப் பேச்சுச் சற்று அந்நியமாய் ஒலிக்கும் என்பது மெய்யே. அதற்கு மருந்து, மட்டக்களப்பார் தம் பேச்சில், மலையகத்தார் தம் பேச்சிற் புதிய நாடகம் எழுதுவது. (இதனையெல்லாம் செந்தமிழிற் சொல்லிக்கொண்டு நிற்கிறோம், நகைப்பவர் நகைக்கலாம்.)

எனவே, முதலில் ‘உடையார் மிடுக்கை’ எடுத்துக்கொள்வோம். சனசமூக நிலையங்களில் ஒத்திகை நடக்கட்டும். வழக்கொழிந்த சொற்கள் இளைஞர் நாவில் இடறும். ஆதலால் ஊரின் மூத்த கமக்காரர் இருவர் ஒவ்வோர் ஒத்திகையிலும் முன்னிருக்கையில் அமர்ந்து உச்சரிப்பைச் சொல்லித்தரவேண்டும். வர விரும்புவோர் இக்கூட்டம் கலையுமுன் தம் பெயரைச் செயலாளரிடம் கொடுத்துச் செல்வீர்களாக.