36 வயதில் எடுபிடி

(ராசாவில் நடைபெற்ற ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



நான் மேடையில் பேசிப் பழகியவன் அல்லன். 17 வயதில் பால்மரம் சீவக் கத்தி பிடித்தவன். 1990-களில் நம் வட்டாரத்துத் தோட்டங்கள் பல வீடமைப்பு நிலங்களாயின. புக்கிட் பெருந்தோங், புக்கிட் செந்தோசா எழுந்த காலம் அது. 1996-இல் எங்கள் தோட்டமும் கைமாறியது. எனக்கு வயது 36, பிள்ளைகள் மூவர்.

புதுவீடுகளுக்கு மின்கம்பி இழுக்கும் சீனர் ஒருவரிடம் எடுபிடியாகச் சேர்ந்தேன். இரவு 10 மணிக்கு மின்னாக்கி நின்றுவிடும் லயத்தில் வளர்ந்தவனுக்கு இந்த வேலை! சம்பளம் தோட்டத்தில் பெற்றதில் பாதி. கற்றுக் கொடுத்தவன் முதலாளியின் மகன், வயது 19. சுவரில் காடி வெட்டினேன். தேநீரும் வாங்கி வந்தேன். வெட்கமாகத்தான் இருந்தது.

ஒருநாள் கம்பியின் உறையை உரித்துக் கொடுத்தேன். செம்பில் ஒரு கீறலும் இல்லை. "எங்கே கற்றீர்கள்?" என்றான். பட்டையைச் சீவும் கத்தி உள்மரத்தைத் தொட்டால், புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். மறுபடி சீவ முடியாது. 19 ஆண்டு அந்த அளவறிந்த கை இது என்றேன். அன்றிலிருந்து தேநீர் வாங்க அவனே போனான்.

என்னோடு சேர்ந்த நண்பர் ஒருவர் என்னைவிடக் கைத்திறன் மிக்கவர். பாதிச் சம்பளத்தில் அரிசி வாங்க முடியாமல் மூன்றாம் மாதமே காவற்காரர் வேலைக்குப் போனார். என் மனைவி விடியுமுன் எழுந்து நாசி லெமாக் கட்டி விற்றாள். அதனால் நான் நின்றேன். 41 வயதில் வயர்மேன் சான்றிதழும் பெற்றேன்.

இன்று வழி உண்டு. 2005-இல் தொடங்கிய தேசிய இரட்டைப் பயிற்சித் திட்டத்தில் 70 முதல் 80 விழுக்காட்டுப் பயிற்சி வேலைத்தலத்திலேயே நடக்கிறது. சான்றிதழ் இல்லாத அனுபவசாலிகள் தங்கள் வேலைக்கான ஆதாரங்களைக் காட்டி மலேசியத் திறன் சான்றிதழ் பெறவும் முறை இருக்கிறது. இல்லாதது அந்த மாதங்களின் வீட்டுச் செலவு.

பிள்ளைகளுக்கு உபகாரச் சம்பளம் வழங்கும் இந்த அறக்கட்டளை, தொழில் பழகும் குடும்பத் தலைவர்களுக்கும், தலைவிகளுக்கும் ஆறு மாத உதவி வழங்க வேண்டுகிறேன். முதல் ஒருவரின் செலவு என்னுடையது. என் மகன் நடத்தும் கடையில் ஓர் இடமும் காலியாக இருக்கிறது. விரும்புவோர் இன்றே அலுவலகத்தில் பெயர் கொடுக்கலாம். வயது கேட்க மாட்டோம்.